ரூபாய்க் கூஜா: புதுச்சேரி வீடொன்றின் வெள்ளி காப்பி செட் பற்றிய நிகழ்வு ஆய்வு

“உருக்கினால் எவ்வளவு தேறும் என்று மட்டும் சொல்லுங்கள், தம்பி.” அந்த அம்மா பேச்சைத் தொடங்கியதே அப்படித்தான்.

மிஷன் வீதிக்குப் பக்கத்துத் தெருவில், வாசலில் மரத்தூண் தாழ்வாரமும் உள்ளே முற்றமுமாக இன்னும் நிற்கிற பழைய வீடு அவருடையது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனில் அரசு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஐந்து வெள்ளி உருப்படிகள் மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பீரோவில் இருக்கின்றன. உயரமான காப்பி கூஜா, அதைவிடக் குட்டையான டீ கூஜா, மூடியோடு இரண்டு கைப்பிடி வைத்த சர்க்கரைக் கிண்ணம், பால் ஊற்றும் குவளை, இவை எல்லாவற்றையும் வைக்க ஒரு தாம்பாளம். வீட்டில் அதற்குத் ‘துரை செட்’ என்று பெயர். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே காலத்தில் அவர் மாளிகையிலிருந்து வந்தது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்.

பாகப்பிரிவினை பேச்சு வந்தபோது செட்டை நகரத்தில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார்கள். கடைக்காரர் தாம்பாளத்தின் விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். மஞ்சள் தெரிந்தது. “எல்லாமே ஜெர்மன் சில்வர்” என்று சொல்லி, பித்தளைக்குக் கொடுக்கிற விலையைச் சொல்லியிருக்கிறார். மூன்று தலைமுறைப் பெருமை ஒரு நிமிடத்தில் போனதில் அந்த அம்மாவுக்குத் தாங்க முடியாத வருத்தம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள். பழைய வெள்ளிச் சாமான்களைப் பார்த்து, இது இன்னது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் உரைத்துப் பார்த்த உருப்படி உண்மையிலேயே முலாம்தான். ஆனால் ஒன்றை உரைத்துவிட்டு ஐந்துக்கும் தீர்ப்புச் சொன்னார். செட் என்று சொல்லி வைத்துவிட்டால் எல்லாம் ஒரே பட்டறையில், ஒரே நாளில் பிறந்தவை என்று மனம் நம்பிவிடுகிறது. பழைய வீடுகளில் அப்படி இருப்பது அபூர்வம். ஒன்று தொலையும், ஒன்று உடையும், அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து உட்காரும். அதனால் நான் முதலில் செய்தது ஐந்தையும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளி, தனித்தனி வெள்ளைத் துணியில் வைத்ததுதான்.

வந்தபோது இருந்த நிலை

தாம்பாளத்தைச் செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அது வெள்ளியைத் தொட்ட இடத்தில் கோடு கிழித்தது போல் கறுப்பு விழும், அந்தக் கோடு சுலபத்தில் போகாது. இந்தத் தாம்பாளத்தில் அப்படி இரண்டு கோடுகள் குறுக்கே ஓடின. விளிம்பிலும் நடுவிலும் முலாம் தேய்ந்து அடி உலோகம் மஞ்சளாகத் தெரிந்தது.

காப்பி கூஜா பளபளவென்று இருந்தது. எனக்குக் கவலை தந்ததே அந்தப் பளபளப்புதான். சில வருடங்களுக்கு முன் கல்யாணம் ஒன்றுக்காகப் பல்பொடியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வயிற்றுப் பக்கத்தில் ஏதோ செதுக்கியிருந்தது, அது பார்வைக்குத் தெரியாத அளவுக்கு மழுங்கிவிட்டது. மூடியின் கீலில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. யாரோ ஈயத்தால் பற்ற வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரைக் கிண்ணத்தின் உட்புறம் தங்க முலாம். பால் குவளைக்கும் அப்படியே. பாலும் சர்க்கரையும் வெள்ளியை நேரடியாகத் தொடாமல் இருக்க ஐரோப்பியக் கைவினைஞர்கள் இப்படிச் செய்வது வழக்கம். இந்த வீட்டில் கிண்ணம் சர்க்கரை பார்த்ததே இல்லையாம். கல்யாண வரவேற்பில் பன்னீர், சந்தனத்தோடு கல்கண்டு வைக்கத்தான் அதை வெளியே எடுப்பார்கள். பிரெஞ்சுக்காரர் வீட்டு மேஜைக்குச் செய்த கிண்ணம், நம் வீட்டு வாசலில் விருந்தாளியை வரவேற்றுக்கொண்டு நூறு வருடம் வாழ்ந்திருக்கிறது.

டீ கூஜா கறுத்துக் கிடந்தது. அதை யாரும் தேய்த்ததாகவே தெரியவில்லை. “அது ஒட்டாதது தம்பி. ஒரிஜினல் எங்கேயோ போய்விட்டது, இது டூப்ளிகேட்” என்றார் அந்த அம்மாவின் தம்பி. வீட்டில் அதைச் சில்லறை போட்டு வைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

முத்திரைகள்

காப்பி கூஜாவின் அடிவிளிம்பில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில், எட்டு முனைச் சட்டத்துக்குள் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. நெற்றிக்கு முன்னால் 1 என்ற எண். இது மினர்வா முத்திரை. பிரான்சில் 1838ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எண் 1 இருந்தால் ஆயிரத்துக்கு 950 பங்கு வெள்ளி, 2 இருந்தால் 800. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங் 925 என்பதால், பிரெஞ்சு முதல் தரம் அதைவிட ஒரு படி மேல்.

முத்திரை குத்திய இடத்துக்கு நேர் பின்புறத்தையும் பார்த்தேன். வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்துகிற பிரெஞ்சு சோதனைச் சாலையில் முத்திரை அடிக்கும்போது பொருளைத் தாங்குகிற பட்டறைக்கல்லிலேயே நுணுக்கமாகப் பூச்சிகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். மேலே மினர்வா விழும் அதே அடியில் கீழே ஒரு பூச்சியின் காலோ இறகோ பதிந்துவிடும். போலி முத்திரை குத்துபவனால் இதைச் சுலபத்தில் செய்ய முடியாது. இந்தக் கூஜாவில் ஒரு வண்டின் இறகு வரிகள், கடுகில் பாதி அளவுக்கு, தெளிவாக இருந்தன. இத்தனை வருடத் தேய்ப்பிலும் அது தப்பித்ததற்குக் காரணம் உட்பக்கம் இருந்ததுதான்.

சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை இரண்டிலும் அதே மினர்வா, அதே 1. சர்க்கரை மூடியின் குமிழைப் பிடிக்கிற சிறிய திருகில் காட்டுப்பன்றித் தலை முத்திரை. சின்னப் பாகங்களுக்குப் பாரிஸ் சோதனைச் சாலை அதைத்தான் குத்தும். மற்ற ஊர்களுக்கு நண்டு. ஆக, மூன்றும் பாரிஸில் சோதனை முடித்து வந்தவை. செய்தவரின் முத்திரை மூன்றிலும் சாய்சதுரச் சட்டத்துக்குள் இருந்தது. கெட்டி வெள்ளி செய்பவருக்குப் பிரெஞ்சுச் சட்டம் கொடுத்த வடிவம் அது.

தாம்பாளத்தில் சாய்சதுரமும் இல்லை, மினர்வாவும் இல்லை. இரண்டு தட்டு வைத்த ஒரு தராசுச் சின்னம் மட்டும். அது கிறிஸ்தோஃபிள் நிறுவனத்தின் முலாம் முத்திரை. 1830இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1842இல் மின்முலாம் பூசும் உரிமையைப் பிரான்சில் பெற்றது. அதற்குப் பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களின் மேஜைக்கும் வெள்ளி நிறம் வந்தது. தாம்பாளம் போலி அல்ல. தன் இனத்தில் நல்ல சாமான். பெரிய தாம்பாளத்தைக் கெட்டி வெள்ளியில் வாங்குவது பெரும் செலவு என்பதால் கூஜாவைக் கெட்டியாகவும் தட்டை முலாமாகவும் வைத்துக்கொண்ட வீடுகள் பிரான்சிலேயே உண்டு.

டூப்ளே கதை இங்கேயே முடிந்துபோனது. டூப்ளே புதுச்சேரியில் கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. மினர்வா பிறந்தது அதற்கு எண்பது வருடத்துக்கும் மேல் கழித்து. 1761இல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைக் கைப்பற்றி இடித்துத் தள்ளியதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சிலும் அந்தக் காலத்து வெள்ளி குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி 1689லும் 1709லும், பதினைந்தாம் லூயி 1759லும் பிரபுக்களின் வெள்ளிச் சாமான்களை நாணயச்சாலைக்கு அனுப்பி உருக்கவைத்தார்கள். இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் வாடியது. கதையைப் பறிப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கிடைக்கப்போகிற கதை இதைவிடப் பெரியது என்று அப்போது எனக்கே தெரியாது.

காப்பி கூஜாவின் வயிற்றில் மழுங்கிய செதுக்கலைப் படிக்க அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் படும்படி தாழ்த்திப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் காணாமல் போகிற கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கொடுக்கும். ஒன்றோடொன்று பின்னிய ஜே, எல் என்ற இரண்டு பிரெஞ்சு எழுத்துகள், கீழே 1891. பெரும்பாலும் கல்யாணப் பரிசு. ஊர் திரும்புகிற பிரெஞ்சு அதிகாரி ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது தாத்தா வாங்கினார் என்று குடும்பத்தில் இன்னொரு பேச்சும் உண்டு. கவர்னர் கதைக்கு முன்னால் அது எடுபடாமல் போயிருந்தது. எழுத்துகள் இந்தக் குடும்பத்தாருடையவை அல்ல என்பதால் ஏலக் கதைக்கே நான் கூடுதல் இடம் கொடுப்பேன்.

பால் குவளையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

முத்திரை இருந்தாலும் உலோகத்தையும் தனியாகக் கேட்டுவிட வேண்டும். குடும்பத்தார் ஒருமுறை ஏமாந்து வந்திருந்ததால் அவர்கள் கண்ணெதிரே, கீறாமல், அமிலம் விடாமல் செய்து காட்ட நினைத்தேன். பால் குவளைக்குக் கைப்பிடி வார்ப்புக் கெட்டி, உள்ளே காற்று அடைபட்ட இடம் இல்லை. அதனால் அது தோதானது.

தராசில் குவளை 242 கிராம். பிறகு நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டு, உள்ளே ஒட்டிய குமிழிகளைத் தூரிகையால் தட்டிவிட்டு நிறுத்தேன். 23.3 கிராம் குறைந்தது. 242ஐ 23.3ஆல் வகுத்தால் 10.39. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, 950 தரத்துக்கு ஏறத்தாழ 10.4. ஜெர்மன் சில்வர் என்பது தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, பெயரில் தவிர வெள்ளியே கிடையாது. அதன் அடர்த்தி 8.7க்குப் பக்கம். இதே எடைக் குவளை ஜெர்மன் சில்வராக இருந்தால் தண்ணீரில் 28 கிராம் வரை குறைந்திருக்கும்.

அந்த அம்மா கணக்கைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கூஜாக்களை இப்படி நிறுக்க முடியாது. கைப்பிடி உள்ளே வெற்றிடம், தண்ணீர் புகுந்தால் வெளியே வராது. கைப்பிடியிலேயே மேலும் கீழும் வேறு பொருளில் வளையங்களும் உண்டு.

டீ கூஜா

முத்திரை எதுவும் இல்லை. வடிவம், விளிம்பில் ரிப்பன் முடிச்சு, வயிற்றைச் சுற்றிப் பூமாலை எல்லாம் காப்பி கூஜாவைப் பார்த்துச் செய்தது தெரிந்தது. வீட்டார் சொன்ன டூப்ளிகேட் என்ற சொல்லை நானும் முதலில் மனதுக்குள் ஏற்றுக்கொண்டேன். சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் பட்டறையாக இருக்குமோ என்றும் பார்த்தேன். 1875இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்த காலத்தை ஒட்டி, தெய்வ உருவங்கள் புடைத்த ‘சுவாமி’ வேலைப்பாட்டு டீ செட்டுகளால் ஐரோப்பியரிடையே பெயர் எடுத்த கடை அது. ஆனால் அவர்கள் தங்கள் பெயரைக் குத்தி அனுப்புவார்கள். இதில் பெயர் இல்லை, சுவாமி உருவமும் இல்லை.

இரண்டு கூஜாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாலையை மட்டும் லென்ஸில் விரல்கடை விரல்கடையாகப் பார்த்துக்கொண்டு போனேன். பாரிஸ் மாலையில் இருப்பது ரோஜா. இதழ்கள் ஒன்றையொன்று மடித்து, உள்ளே சுருண்டு போகும். டீ கூஜாவின் மாலையிலும் முதல் இரண்டு பூ ரோஜாதான், பார்த்துப் பார்த்துச் செய்தது. மூன்றாவது பூவில் இதழின் நுனி கூர்மையாகிறது. ஐந்தாவது பூ முழுத் தாமரை. அதற்குப் பிறகு சுற்றி வருகிற வரை தாமரைதான். மூடியின் குமிழும் அப்படியே. பிரெஞ்சு மூடியில் ரோஜா மொட்டு, இதில் தாமரை மொட்டு. கை அதற்குப் பழகிய பூவுக்குத் திரும்பிவிட்டது. ஆசாரி தப்புச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரோஜாவைச் செய்ய முடியும் என்று இரண்டு பூவில் காட்டிவிட்டு, மாலையைத் தன் மாலையாக்கிக்கொண்டார்.

கைப்பிடியில் சூடு ஏறாமல் இருக்க மேலும் கீழும் வெள்ளியை வெட்டி வளையம் வைப்பார்கள். பாரிஸ் கூஜாவில் அது யானைத் தந்தம். ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய வளைகோடுகள் லென்ஸில் தெரிந்தன. எலும்பாக இருந்தால் கோடுகளுக்குப் பதில் சிறு புள்ளிகளும் குழிகளும் இருக்கும். டீ கூஜாவில் வளையம் கறுப்பு. கருங்காலி என்று எழுதப் போனவன், மேல் வளையத்தின் உடைந்த ஓரத்தைப் பார்த்து நிறுத்தினேன். பழுப்பும் கறுப்புமாக நார் ஓடியது. கொட்டாங்கச்சி! கடைசல் பிடித்து, மெருகேற்றி, இரண்டு வெள்ளித் தகட்டுக்கு நடுவே ஒரு மயிரிழை விலகாமல் உட்கார்ந்திருக்கிறது.

இது வெறும் நகல் இல்லை என்று நான் முடிவுக்கு வந்த இடம் உள்பக்கம். காப்பிக்கு மண்டி அடியில் தங்கும், அதனால் மூக்கு வயிற்றின் மேற்பாதியில் இருந்தால் போதும், வடிகட்டி வேண்டாம். தேயிலை மிதந்தும் சுழன்றும் வரும். அதனால் டீ கூஜாவில் மூக்கு கீழே இறங்க வேண்டும், மூக்கின் வாயில் துளைத் தகடு வேண்டும். காப்பி கூஜாவை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு செய்தவருக்கு இது தெரிய நியாயம் இல்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. மூக்கைக் கீழே இறக்கி, வாயில் 19 துளை போட்டிருக்கிறார். மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று. எட்டிப் பார்த்த அந்த வீட்டு மருமகள், “ஐந்து புள்ளி, மூன்றில் நிறுத்து, இடைப்புள்ளிக் கோலம்” என்று சட்டென்று சொன்னார். நெருக்கமாகத் துளை போட்டால் எந்த நாட்டிலும் இந்த அமைப்பு வரக்கூடும் என்பதால் இதை நான் சான்றாக எழுதவில்லை. ஆனாலும் அதை மறக்க முடியவில்லை.

அடியில் மூன்று எழுத்து

கூஜாவைக் கவிழ்த்தபோது அடித்தகட்டில் ஊசியால் கீறிய மூன்று குறிகள். சு, ய, உ என்று படித்தேன். உரிமையாளரின் தலைப்பெழுத்துகள் என்று நினைத்து, குடும்பத்தில் அப்படிப் பெயர் உள்ளவர் உண்டா என்று கேட்டு அரை நாள் செலவழித்தேன். பழைய பத்திரங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். யாரும் இல்லை.

மறுநாள் அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே கூஜாவை வாங்கிப் பார்த்தார். “எழுத்து இல்லை தம்பி, இலக்கம். எங்கள் அப்பா பஞ்சாங்கத்தில் இப்படித்தான் இருக்கும்.” ௬௰௨. ஆறு, பத்து, இரண்டு. அறுபத்திரண்டு. தமிழ் இலக்கத்தில் ஆறு பார்வைக்கு ‘சு’ போலவும், பத்து ‘ய’ போலவும், இரண்டு ‘உ’ போலவும் இருக்கும். தமிழ் நாட்டு வெள்ளியையே பார்த்துப் பிழைக்கிற நான் அதை முதலில் நினைத்திருக்க வேண்டும்.

அறுபத்திரண்டு என்ன? கூஜாவை நிறுத்தேன். வளையங்களோடு 706 கிராம். பிறகு உலோகம் அறியும் எக்ஸ்ரே கருவியில், அடிவளையத்தின் உள்பக்கம் மூன்று இடங்களில் பார்த்தோம். வெளிப்பரப்பில் பார்க்கக் கூடாது. புளி, எலுமிச்சை பட்டுப்பட்டு மேல்தோலில் தாமிரம் கரைந்துபோய், வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மை அளவை, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கிடைத்தது 91.2, 91.9, 91.5. பாரிஸ் உருப்படிகள் மூன்றும் 95ஐ ஒட்டி நின்றன.

பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், ஒரு தோலா. மாற்று பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.67. 1940 வரை அந்தத் தரம் மாறவில்லை. பிரெஞ்சு ஆட்சியாக இருந்தாலும் புதுச்சேரிக் கடைவீதியில் ஓடியது ரூபாய்தான். அறுபத்திரண்டு ரூபாய் 723 கிராம். கூஜா 706. பதினேழு கிராம் வித்தியாசம், நூற்றுக்கு இரண்டேகாலுக்குச் சற்று மேல். உருக்கியதிலும் அரம் போட்டதிலும் போன சேதாரம், நூறு வருடத்தில் கை பட்டுத் தேய்ந்தது எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்கும்.

எக்ஸ்ரே அளவு மட்டும் இருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அரைப் புள்ளி முன்பின் காட்டுகிற கருவிக்கு ரூபாயும் ஸ்டெர்லிங்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். எடையும், இலக்கமும், மாற்றும் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டியதால் எழுதினேன்.

நான் கணக்கைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “பாட்டி இதை ரூபாய்க் கூஜா என்றுதான் சொல்வாள். சில்லறை போட்டு வைப்பதால் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துச் சில்லறை போட்டுக்கொண்டே இருந்தோம்.”

பெயர் முதலில் வந்திருக்கிறது, சில்லறை பின்னால் வந்திருக்கிறது. ஏலத்தில் காப்பி கூஜாவும் கிண்ணமும் குவளையும் கிடைத்து, டீ கூஜா கிடைக்காமல் போயிருக்க வேண்டும். வீட்டார் அறுபத்திரண்டு ரூபாயை எண்ணி ஆசாரி கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் வாங்கிய கணக்கைக் கூஜாவின் அடியிலேயே எழுதி வைத்திருக்கிறார். அப்போது கட்டி வெள்ளி வாங்கினால் மலிவாகவே இருந்திருக்கும். 1893இல் இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தியபின், ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைவிட மேலே போனது. ஆனாலும் ஜனங்கள் நாணயத்தையே உருக்கக் கொடுத்தார்கள். கட்டியின் மாற்றுக்கு யார் ஜவாப்? ரூபாயின் மாற்றில் சந்தேகம் கிடையாது.

பாரிஸுக்குக் கொண்டு போகலாமா?

பேத்தி ஒருத்தி பாரிஸில் இருக்கிறாள். செட் பிறந்த ஊருக்கே போகட்டும் என்று அவளுக்கு ஆசை. முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகிறது. அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று வருடம் வரை போகலாம். பிரான்சில் செய்தது என்பதால் விலக்கு இல்லை. காப்பி கூஜாவின் வயிற்றில் 1891 என்று தேதியே இருக்கிறது. வயதில் சந்தேகமுள்ள பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்று சான்று கேட்கலாம், இங்கே அதற்கு இடமே இல்லை. தந்த வளையம் வனவிலங்குச் சட்டத்தில் தனி விவகாரம், அதை வனத்துறையிடம் முறையாகக் கேட்டுக்கொள்ளும்படி சொன்னேன். பெட்டிக்குள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடலாம் என்று உறவினர் யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

செய்ததும், செய்யாமல் விட்டதும்

கீலைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். செய்யவில்லை. ஈயம் ஒட்டிய இடத்தில் ஊதுகுழல் நெருப்பைக் காட்டினால் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்து ஓட்டை போட்டுவிடும். பழைய ஈயத்தைத் துளி மிச்சமில்லாமல் எடுத்த பிறகுதான் பற்றாசு வைக்க முடியும். அதற்கென்று பழகிய கை வேண்டும். அதுவரை மூடியை வேகமாகத் திறந்து மூடாமல் இருந்தால் போதும்.

டீ கூஜாவின் கறுப்பை எடுக்கச் சொன்னபோது கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. கடல் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் உப்புக் காற்றும் கந்தகமும் வெள்ளியைச் சும்மா விடாது. ஆனால் கறுப்பைவிட அதை எடுக்கிற முறைதான் அதிகம் அழிக்கிறது. பல்பொடியில் கரகரப்பு உண்டு. விபூதியில் நல்லதும் கெட்டதும் இருக்கிறது, இப்போது கடையில் வருவதை நம்ப முடியாது. சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கி எடுக்கிற முறை பள்ளத்திலுள்ள நிழலையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும், பூவேலை மொட்டையாகத் தெரியும். கைப்பிடிக்குள் தண்ணீரும் புகும். நுண்ணிய சுண்ணத்தூளைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, பருத்தித் துணியால் மேடான இடங்களை மட்டும் லேசாக ஒற்றி எடுத்தேன். தாமரைகளின் ஆழத்தில் கறுப்பு அப்படியே இருக்கிறது. அடித்தகட்டை நான் தொடவே இல்லை. அந்த மூன்று குறிகள் ஊசிக் கீறல்கள். காப்பி கூஜாவின் எழுத்துகளுக்கு நேர்ந்தது ஒருமுறை நேர்ந்தால் இவை மறுபடி கிடைக்காது.

துவைத்த, கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்தார்கள். செய்தித்தாளும் ரப்பரும் அந்த வீட்டுப் பீரோவை விட்டுப் போய்விட்டன.

பாகப்பிரிவினையில் ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்பதாக இருந்ததை விட்டுவிட்டு, ஐந்தையும் சேர்த்து அந்த அம்மாவின் இளைய மகளிடம் கொடுத்தார்கள். பேத்திக்கு நான் எடுத்த படங்கள் போயின. டூப்ளிகேட் என்று சொன்ன தம்பிதான் அடித்தகட்டின் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினார்.

மதிப்பீட்டுத் தாளில் நான்காவது உருப்படிக்கு நான் இப்படி எழுதியிருந்தேன்: டீ கூஜா, வெள்ளி, முத்திரை இல்லை, தமிழ்க் கைவினைஞர் வேலை, அடியில் தமிழ் இலக்கத்தில் 62, 706 கிராம். அந்த அம்மா படித்துப் பார்த்தார். “தமிழ்க் கைவினைஞர் என்றால் எந்த ஊராகவும் இருக்கலாமே. ரூபாய் இந்த வீட்டிலிருந்து போயிருக்கிறது, கூஜா இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது” என்றார். ஊரை எழுத என்னிடம் சான்று இல்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அப்படியானால் பெயரையாவது எழுதுங்கள் என்றார். தாளை வாங்கி, உருப்படியின் பெயருக்கு முன்னால் ‘குடும்ப வழக்கில் ரூபாய்க் கூஜா’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.